கெர்னல் லாக்கில் எண் தப்பாக வருகிறதா? 32 பிட் பில்ட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் லினக்ஸ் கெர்னல் டிரைவர் 64 பிட்டில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பில்ட் ஆனது. பேட்ச் அனுப்பிய பிறகு பேட்ச்களைத் தானாக பில்ட் செய்து பார்க்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: 32 பிட் ஆர்மில் பிரிண்ட்கே (லாக்கில் எழுதும் ஃபங்ஷன்) வரியில் ஃபார்மேட் பொருந்தவில்லையாம். நினைவக முகவரியை %எல்எல்எக்ஸ் (8 பைட் எண்ணைப் பதினறும வடிவில் காட்டும் குறி) கொண்டுதான் அச்சிடுகிறேன்.

பதில்: தம்பி, சிக்கல் அந்த மாறியின் வகையில் இருக்கிறது. நினைவக முகவரிக்கான ஃபிஸ்_ஆடர்_டி வகை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. 64 பிட்டில் 8 பைட். 32 பிட் ஆர்மில் எல்பிஏஇ (32 பிட்டைவிடப் பெரிய முகவரிகளைப் பயன்படுத்த விடும் வசதி) இருந்தால் 8, இல்லையென்றால் 4. வந்தது 4 பைட்டா 8 பைட்டா என்று பிரிண்ட்கேவுக்குத் தெரியாது. ஃபார்மேட் சொன்னதை நம்பி எடுத்துக்கொள்ளும். 4 பைட் கொடுத்த இடத்தில் 8 எடுத்தால் முகவரியோடு, அதே வரியில் அடுத்து அச்சிடும் எண்ணும் கெட்டுப்போகும். பழுதே இல்லாத ஹார்டுவேரைச் சந்தேகப்பட வைப்பது இப்படிப்பட்ட லாக்தான். அதனால் இதைச் சின்ன எச்சரிக்கை என்று ஒதுக்காதீர்கள். இந்த வகைக்கென்றே உள்ள %பிஏ குறியைப் போட்டு, மாறியின் மதிப்புக்குப் பதில் மாறியின் முகவரியை (& சேர்த்து) கொடுங்கள். அளவைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அன்சைன்ட் லாங்காக காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) எச்சரிக்கை போய்விடுகிறதே, அது போதாதா?

பதில்: போதாது. எல்பிஏஇ உள்ள போர்டில் முகவரி பதினறும எண்ணில் 880000000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் அன்சைன்ட் லாங் 4 பைட்தான். லாக்கில் 80000000 என்று வரும், முன்னால் இருந்த 8 காணாமல் போயிருக்கும். கம்பைலரும் வாயே திறக்காது. அன்சைன்ட் லாங் லாங்காக மாற்றி %எல்எல்எக்ஸ் போட்டால் சரியாக வரும். இருந்தாலும் என் விருப்பம் %பிஏதான்.

கேள்வி: %பிஏ போட்டேன். இப்போது பாயிண்டர் வேண்டும் என்று புது எச்சரிக்கை.

பதில்: & விட்டுப்போயிருக்கிறது. அப்படியே ஓட்டிவிடாதீர்கள். அந்த எண்ணையே பாயிண்டராக எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படிக்கப் பார்க்கும், கெர்னல் கவிழலாம்.

கேள்வி: பிஆர்_டீபக் (டீபக் செய்தி அச்சிடும்) வரிகளை அணைத்துத்தான் பில்ட் செய்கிறேன். அவற்றுக்கும் ஏன் எச்சரிக்கை வருகிறது?

பதில்: வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அணைத்திருந்தாலும் அந்த வரி ஒருபோதும் ஓடாத கிளைக்குள் இருக்கும், ஃபார்மேட் சரிபார்ப்பு மட்டும் நடக்கும். இல்லையென்றால் என்றைக்கோ ஒருவர் டீபக்கைத் திறக்கும்போது பில்டே உடைந்து நிற்கும்.

கேள்வி: அளவைக் குறிக்கும் சைஸ்_டி மாறிக்கு எந்த ஃபார்மேட்?

பதில்: %இசட்யூ.

கேள்வி: திருத்தத்தை எப்படி அனுப்புவது, சார்?

பதில்: பேட்ச் இன்னும் கெர்னல் மரத்தில் (மூல நிரல் தொகுப்பில்) சேரவில்லை என்றால் அதையே திருத்தி அடுத்த பதிப்பாக அனுப்புங்கள். சேர்ந்துவிட்டது என்றால் தனி பேட்ச். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் (அதன் அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் சேர்த்து ஃபிக்ஸஸ் வரி எழுதுங்கள். ரோபோவின் பெயரில் ரிப்போர்ட்டட்-பை வரியும் வேண்டும். அனுப்பும் முன் 32 பிட் ஆர்மில் எல்பிஏஇ வைத்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை பில்ட் செய்து பாருங்கள்.