டெலிவரி சந்தா எடுத்தால் செலவு குறையுமா?

கேள்வி: நானும் கணவரும் கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். ஏழு வயதில் ஒரு மகள். வாரத்தில் மூன்று நான்கு நாள் இரவுச் சாப்பாடு ஆப்பில்தான் வருகிறது. மாதம் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. டெலிவரி கட்டணம் இல்லாத சந்தா எடுத்தால் இது குறையுமா? இல்லை, ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: சந்தா எடுத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. உங்கள் பணம் பெரும்பாலும் கரைவது டெலிவரி கட்டணத்தில் இல்லை, சாப்பாட்டின் விலையிலேயே இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கடைக்குப் போய் வாங்கினால் 300 ரூபாய் ஆகும் டிபன், ஆப்பில் 360 என்று இருக்கிறது. பேக்கிங் 20. இரண்டுக்கும் சேர்த்து 5% ஜி.எஸ்.டி. 19. டெலிவரிக்கு 30, ஆப் நிறுவனம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனக்கென்று வாங்கும் பிளாட்பாரக் கட்டணம் 15, இந்த இரண்டுக்கும் 18% வரி. மொத்தம் 452 ரூபாய். அதே டிபனை நீங்களே நேரில் பார்சல் வாங்கினால், பார்சலுக்கு 10 ரூபாயும் வரியும் சேர்த்து 325 அல்லது 326. வித்தியாசம் சுமார் 127 ரூபாய். இதில் டெலிவரி கட்டணத்தின் பங்கு வரியோடு 35 ரூபாய்தான். விலையேற்றமும் கூடுதல் பேக்கிங்கும் மட்டும் வரியோடு 73 ரூபாய்க்கு மேல். சந்தா தொடுவது அந்த 35-ஐ மட்டும்தான். பிளாட்பாரக் கட்டணம் சந்தாக்காரர்களுக்கும் உண்டு. 2023-ல் 2 ரூபாயில் ஆரம்பித்த கட்டணம் அது, இரண்டே வருடத்தில் பத்தைத் தாண்டிவிட்டது.

கடைக்காரர் ஏன் ஆப்பில் விலையை ஏற்றுகிறார்? அவரைக் குறை சொல்வதற்கு முன் அவர் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆப் நிறுவனங்கள் கடையிடம் வாங்கும் கமிஷன் கடைக்குக் கடை மாறும், 15-லிருந்து 30% வரைகூடப் போகும். 25% என்று வைத்துக்கொண்டால் அந்தக் கமிஷன் மேல் 18% வரி வேறு. 5% வரித் திட்டத்தில் இருக்கும் ஓட்டல் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆக நூறு ரூபாய்க்கு விற்றால் கைக்கு வருவது 70 ரூபாய் 50 காசு. ஒரு தோசைக்கு 80 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்றால் ஆப்பில் 114 என்று போட்டாக வேண்டும். பலர் பாதியைத் தாங்கிக்கொண்டு மீதியை விலையில் ஏற்றுகிறார்கள். 2025 ஜூலையில் நாமக்கல் ஓட்டல்காரர்கள் ஸ்விகி, சொமேட்டோ ஆர்டர்களே வேண்டாம் என்று நிறுத்தியதும் இந்தக் கமிஷன் பிரச்சினையால்தான்.

வரியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் தெருமுனை மெஸ்ஸில் நேரில் வாங்கும்போது பில்லில் ஜி.எஸ்.டி. இருக்காது, அவர் வியாபாரம் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் அளவை எட்டியிருக்காது. அதே மெஸ்ஸை ஆப்பில் பிடித்தால் 5% கட்டுவீர்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகும் ஓட்டல் சாப்பாட்டுக்கு வரியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது, கடை சின்னதா பெரியதா என்ற பேச்சே இல்லை. டெலிவரி கட்டணத்துக்கு 18% என்பது 2025 செப்டம்பர் 22-லிருந்து வந்தது.

சரி, தள்ளுபடி? "60% தள்ளுபடி, 120 ரூபாய் வரை" என்பதில் கண் போக வேண்டிய இடம் அந்த 120. ஐந்நூறு ரூபாய் பில்லுக்கு அது 24% தான். அதைப் பெற ஒரு குறைந்தபட்சத் தொகையும் வைத்திருப்பார்கள். வேண்டாத ஒரு கோபி மஞ்சூரியன் கூடையில் சேர்வது அங்கேதான். சந்தாவிலும் இதே கதை. குறிப்பிட்ட தொகைக்கு மேல், குறிப்பிட்ட தூரத்துக்குள் என்று நிபந்தனை இருக்கும். தொகையை எட்டுவதற்காக ஒரு அயிட்டம் கூடுதலாகப் போட்டால் மிச்சமான 35 ரூபாய் அதிலேயே போய்விடும்.

மாதம் 14 ஆர்டர் என்று வைத்தால், மேலே போட்ட கணக்குப்படி நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 1,770 ரூபாய். சந்தாவால் மிச்சமாகக்கூடியது அதிகபட்சம் ஐந்நூறு, அதில் சந்தாத் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். மீதி நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டல் சாப்பாட்டுக்கான விலை. அது நேரில் போனாலும் ஆகும்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் எட்டரை மணிக்குக் களைத்து வந்து, குழந்தைக்குப் பசி என்றால், ஆர்டர் செய்வதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. அந்த 127 ரூபாய்க்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால் அது நியாயமான செலவுதான். ஆனால் எல்லா நாளும் அப்படிப்பட்ட நாளா என்று பாருங்கள். பாதி நாள் "என்ன சமைப்பது" என்ற யோசனைக்கே தெம்பில்லாமல்தான் கை போனை எடுக்கிறது. அந்த நாட்களுக்கு யோசிக்கவே தேவையில்லாத சாப்பாடு வீட்டில் இருந்தால் போதும். ஃபிரிட்ஜில் மாவு, டப்பாவில் பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், சுட்டெடுக்க அப்பளம். குக்கரில் சாதம் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் பொடியும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டுவிடலாம். வாரத்தில் ஒன்றரை நாள் இப்படிப் போனாலே சந்தா தரும் லாபத்தைவிட அதிகம் மிச்சம்.

அப்புறம், எதை வரவழைக்கிறோம் என்பது. தோசை, பூரி, வடை மூன்றும் டெலிவரிக்கு ஆகாத பண்டங்கள். சூடாக டப்பாவில் போட்டு மூடியதும் ஆவி உள்ளேயே வியர்த்துவிடும். அரை மணியில் தோசை தொளதொளவென்று ஒட்டிக்கொள்ளும், வடை நமத்துப் போகும், பூரி ரப்பராகும். நேரில் சாப்பிட்டால் குறைந்த விலைக்குப் பிரமாதமாக இருந்திருக்கும் பண்டத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துக் கெடுத்து வாங்குகிறோம். பிரியாணிக்கு அந்தக் கஷ்டம் இல்லை, மூடி வைத்த சூட்டில் இன்னும் நன்றாகவே இருக்கும். இட்லி, இடியாப்பம், சால்னாவோடு பரோட்டா, சாம்பார் சாதம், தயிர் சாதம் எல்லாம் பயணத்தைத் தாங்கும். ஆர்டர் செய்தே ஆக வேண்டிய நாளில் இவற்றையே எடுங்கள்.

அடிக்கடி வாங்கும் இரண்டு மூன்று கடைகளின் நேரடி மெனு கார்டை ஒரு முறை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப் விலையோடு ஒப்பிட்டால் எந்தக் கடை எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சில கடைகள் பத்து ரூபாய் ஏற்றியிருக்கும், சில கடைகள் நாற்பது. வீட்டுக்கு வரும் வழியில் இருக்கும் கடை என்றால் கிளம்பும்போதே போன் செய்து பார்சல் கட்டச் சொல்லிவிடலாம். சாம்பாருக்குத் தூக்கு எடுத்துப்போனால் பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க வாங்கும் தொல்லையும் இல்லை. பக்கத்து மெஸ்களில் சிலர் தெரிந்த வாடிக்கையாளருக்குப் பையனையே அனுப்பித் தருவார்கள். கேட்டுப் பாருங்கள், கமிஷன் இல்லாத ஆர்டர் அவர்களுக்கும் லாபம்தான்.

சாப்பாடு குறைவாகவோ கெட்டோ வந்தால் பிரித்தவுடன் படம் எடுத்து அன்றே ஆப்பில் புகார் போடுங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வளவுக்குப் பிறகும் மாதம் எட்டு ஆர்டருக்குக் குறையாது என்று தோன்றினால் சந்தா எடுங்கள். வருடக்கணக்கில் வேண்டாம், இருப்பதிலேயே குறுகிய காலத் திட்டமாகப் பாருங்கள். எடுத்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். முடியும்போது அந்தக் காலத்தின் பில்களை வைத்து எத்தனை ஆர்டரில் டெலிவரி கட்டணம் உண்மையிலேயே மிச்சமானது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றி முடிவு செய்யலாம்.