முதல் வார்டு எது?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா இன்றும் குலை வெட்டுகிறார். மூன்றாண்டு தாதியர் டிப்ளோமாவை முடித்து, தாதியர் வாரியத் தேர்விலும் தேறிவிட்டேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டு, பொது மருத்துவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவைச் சிகிச்சைக் கூடம் ஆகிய மூன்றில் எதில் சேர விருப்பம் என்று ஒரு வாரத்திற்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. பின்னாளில் வெளிநாடு போக நினைத்தால் தீவிர சிகிச்சை அனுபவம்தான் கைகொடுக்கும் என்கிறார் எங்கள் விரிவுரையாளர். மருத்துவ வார்டுக்குப் போனால் காலமெல்லாம் பெட்பேன் தூக்க வேண்டியதுதான் என்கிறார்கள் தோழிகள். அம்மாவோ, இரவு வேலையே வேண்டாம், டவுனில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்துவிடு என்கிறார். படிப்புக் கடனையும் கட்ட வேண்டும். நான் எதை எழுதிக் கொடுப்பது?

பதில்: என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொது மருத்துவ வார்டை எழுதிக் கொடுங்கள். அங்கே குறைந்தது ஒன்றரை ஆண்டாவது இருங்கள். இதை மற்றவற்றைவிடத் தாழ்ந்த இடமாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு மாவட்ட மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் இருந்தேன். டெங்கியால் சேர்க்கப்பட்ட தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குடும்பத்தார் கஞ்சியோடு வந்து, பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று மகிழ்ச்சியோடு கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அந்த இளைஞருடைய பாதத்தின் மேல் வைத்தார். பாதம் சில்லென்றிருந்தது. இரத்த அழுத்தம் 100க்கு 84. மேல் அளவை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 16 மட்டுமே. அந்த இடைவெளி 20க்குக் கீழே சுருங்கினால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை என்பதைப் பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனால் அந்தக் குளிர்ந்த பாதத்தைத் தொட்ட பிறகுதான் அது எனக்கு விளங்கியது. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் வந்தார், டிரிப்பின் வேகம் கூட்டப்பட்டது, அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டார்.

மருத்துவ வார்டு கற்றுத் தருவது இதைத்தான். நீரிழிவு, இதயச் செயலிழப்பு, நிமோனியா, பக்கவாதம், தோட்டப்புறங்களில் நாம் அறிந்த எலிக்காய்ச்சல் என எல்லாம் கலந்து படுத்திருக்கும் இடத்தில், ஒரே ஷிப்டில் பல நோயாளிகளைப் பார்த்து, அவர்களில் யார் இன்று மாலைக்குள் மோசமாகப் போகிறார் என்பதைக் கண்டுகொள்ளும் பார்வை உண்டாகிறது. பெட்பேன் தூக்குவதைப் பற்றித் தோழிகள் சொன்னார்களே, அதையும் கேளுங்கள்: கறுத்துத் தார் போலப் போகும் மலத்தை முதலில் பார்ப்பவர் மருத்துவர் இல்லை, தாதிதான். குடலில் இரத்தம் கசிவதை அந்தப் பெட்பேன்தான் சொல்கிறது.

உங்களுக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. நம் தோட்டத்துப் பாட்டிமார்கள் நெஞ்சுவலி என்று சொல்ல மாட்டார்கள். “நெஞ்சைக் கரிக்குது”, “மூச்சு முட்டுது”, “ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பே பெரிய வலியில்லாமல் வரலாம் என்பதால், அந்தச் சொற்களை வாயுத் தொல்லை என்று எழுதிவிட்டுப் போகாமல், வியர்த்ததா, கை கனத்ததா என்று தமிழிலேயே திருப்பிக் கேட்டு, உடனே இசிஜி எடுக்கச் சொல்லக்கூடிய தாதி ஒருவர் வார்டில் இருப்பது உயிர் காக்கும் செய்தி.

விரிவுரையாளர் சொன்னது தவறில்லை. தீவிர சிகிச்சை அனுபவத்துக்கு வெளிநாடுகளில் மதிப்புண்டு. புதியவர்கள் நேராக அங்கே சேர்ந்து நல்ல தாதிகளாக ஆனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அந்தப் பிரிவு உங்களை எப்படி வளர்க்கிறது என்பதைப் பொறுத்தது. சுவாசக் கருவியில் இருக்கும் ஒரு நோயாளியை ஒரு தாதியே கவனிக்கும் இடத்தில், கருவியின் எண்களைப் படிக்கவும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோரட்ரினலின் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றவும், இரத்த வாயுப் பரிசோதனையின் முடிவைப் புரிந்துகொள்ளவும் அருகிலேயே நின்று சொல்லித் தர ஒருவர் வேண்டும். ஆள் பற்றாக்குறையினால் மூன்றாம் வாரமே தனியாக விட்டுவிடும் இடமென்றால், நீங்கள் கற்பது பயத்தை மட்டும்தான். ஆகவே எந்தப் பிரிவானாலும், கையெழுத்திடும் முன் தலைமைத் தாதியான மேட்ரனிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: கணக்கில் சேர்க்காமல் கூடுதல் ஆளாக எத்தனை வாரம் இருப்பேன்? உடனிருந்து சொல்லித் தரும் மூத்த தாதி, அதாவது எனக்கென ஒரு பிரிசெப்டர் உண்டா? இரவில் எனக்கு எத்தனை நோயாளிகள்? போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்குப் பின் ஒரு துறையில் பெறும் சிறப்புப் பயிற்சி) படிக்க அனுப்பினால் எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம். மருத்துவ வார்டில் ஒருவருமே சொல்லித் தர இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒழுங்கான பயிற்சி உண்டு என்று தெரிந்தால், நான் மேலே சொன்னதை மாற்றிக்கொண்டு அங்கேயே சேருங்கள்.

அறுவைச் சிகிச்சைக் கூடம் வேறோர் உலகம். ஐந்தைந்தாகக் கட்டிய பஞ்சுத் துணிகளை அறுவைக்கு முன்பும், உட்குழியை மூடும் முன்பும், தோலைத் தைக்கும் முன்பும் இருவர் வாய்விட்டு எண்ணும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எனினும் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பதால், பேசி, பார்த்து, மாற்றத்தைக் கண்டுகொள்ளும் திறன் வளர்வதற்கு முன்பே அங்கே போய்விட்டால், பிறகு வார்டுக்குத் திரும்புவது கடினமாக இருக்கும்.

டயாலிசிஸ் மையத்தைப் பற்றி அம்மாவிடம் நீங்கள் இப்படிச் சொல்லலாம்: அது நல்ல வேலை, நமக்குத் தேவையான வேலையும்கூட. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே விகிதம் அதைவிட அதிகம். நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணமே அதுதான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் வரும் அந்த நோயாளிகளோடு உண்டாகும் உறவு வேறெந்த வார்டிலும் கிடைக்காது. ஆனால் சிறிய மையங்களில் மருத்துவர் எந்நேரமும் பக்கத்தில் இருப்பதில்லை. நடுவில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழும்போதோ, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு மாறும்போதோ முதலில் முடிவெடுக்க வேண்டியவர் தாதி. அந்த முடிவை எடுக்கும் துணிவை வார்டில் சம்பாதித்துக்கொண்டு, சிறுநீரகப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக்கும் முடித்து நம் டவுனுக்குத் திரும்பி வாருங்கள்.

இரவு வேலையைப் பற்றி அம்மா கவலைப்படுவது நியாயமே. பிற்பகல் ஷிப்ட் இரவு ஒன்பது மணியளவில் முடிந்து, மறுநாள் காலை ஏழுக்கே மீண்டும் நிற்க வேண்டிவந்தால், ஈப்போவுக்கும் தோட்டத்துக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் அலைவது ஆபத்து; விளக்கில்லாத தோட்டச் சாலையை நீங்களே அறிவீர்கள். முதல் ஆண்டு மட்டுமாவது மருத்துவமனை விடுதியிலோ, தோழிகளோடு வாடகை அறையிலோ தங்குங்கள். கடன் கட்டும் மாதக் கணக்கில் அந்த வாடகையையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என் மகனும் இந்த ஆண்டு தாதிப் பயிற்சி முடித்தவன். தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உளு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தோட்டத்தில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். மனநலப் பிரிவில் இருந்தால் படித்த மருத்துவமெல்லாம் மறந்துவிடாதா?

பதில்: 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நம்மவர் கேலிச் சொல்லாக்கிவிட்டார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். உங்கள் மகன் எதையும் மறக்க மாட்டார். மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் மருந்து எடுப்பவரின் வெள்ளணுக்களை முதல் 18 வாரமும் வாரந்தோறும் சோதிக்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மருந்து எடுப்பவருக்குக் கை நடுங்கினால், இரத்தத்தில் அதன் அளவு கூடிவிட்டதா என்று சந்தேகிக்க வேண்டும். அங்குள்ள நோயாளிகளுக்கும் நீரிழிவும் இதயநோயும் வரும், ஆனால் பலரால் அதை வாய்விட்டுச் சொல்ல இயலாது என்பதால், உற்றுப் பார்க்கும் கண் அங்கேதான் இன்னும் கூர்மையாகிறது. கோபத்தில் இருக்கும் ஒருவரைத் தொடாமல், குரலைத் தாழ்த்தியே அமைதிப்படுத்தும் திறன், பின்னர் அவர் அவசரப் பிரிவுக்கே போனாலும் உதவும். மனநலத்தில் போஸ்ட் பேசிக் படிக்கும் வழியும் திறந்திருக்கிறது.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மகன் வேலை முடிந்து வரும்போது, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் “இன்றைக்கு அங்கே என்ன நடந்தது” என்று கேட்காதீர்கள். நோயாளிகளைப் பற்றி வெளியில் பேச அவருக்கு அனுமதியில்லை, நம் தோட்டத்து ஆளே அங்கே சிகிச்சையில் இருக்கவும் கூடும்.