ஸ்மியர் நார்மல், எச்பிவி நெகட்டிவ், ஆனால் பயாப்ஸியில் புற்றுநோய்: ரிப்போர்ட் மாறிவிட்டதா?

உங்கள் அக்காவுக்குப் பாப் ஸ்மியரில் ஒன்றுமில்லை, எச்பிவியும் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான வைரஸ்) நெகட்டிவ், ஆனால் கர்ப்பப்பை வாய் பயாப்ஸியில் 'கேஸ்ட்ரிக் டைப் அடினோகார்சினோமா' (வயிற்றுச் சுரப்பி போலத் தெரியும் ஒரு புற்றுநோய்) என்கிறார்கள். லேப்பில் ஆள் மாறிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறியிருக்க வேண்டியதில்லை. இந்த அரிய வகைக்கு எச்பிவி காரணமே இல்லை; 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதை எச்பிவி சாராத பிரிவில் சேர்த்தது. கர்ப்பப்பை வாய்க் குழாயின் மேல்பகுதியில் ஆழமாக வளர்வதால் ஸ்மியர் பிரஷ்ஷுக்குப் பல நேரம் சிக்காது. மாதக்கணக்கில் தண்ணியாக வெள்ளைப்பட்டது என்றீர்களே, அது இதன் வழக்கமான அறிகுறிதான்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஸ்லைடையும், திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, பெரிய புற்றுநோய் மையத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எச்பிவியின் தடயம் காட்டும் பி16 சாயச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். வயிற்றிலிருந்தோ கணையத்திலிருந்தோ பரவியதல்ல என்று உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பி, சிடி கேட்டால் பதறாதீர்கள். காசு பிடுங்கும் வேலை அல்ல அது.

சிகிச்சைதான் முக்கியம். கீமோ, கதிர்வீச்சுக்கு இது வழக்கமான வகை அளவுக்கு மசியாது. அதனால் எம்ஆர்ஐயில் கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டவில்லை என்றால் அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பைக்கும் பரவக்கூடியது என்பதால் அதையும் சேர்த்தே எடுப்பார்கள். வயது குறைவு என்று விட்டுவைப்பதாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். கர்ப்பப்பை வாயைத் தாண்டி அருகில் பரவியிருந்தால் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துத் தருவார்கள்.

அப்புறம், அக்காவின் உதட்டில், வாய்க்குள் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் உண்டா? வீட்டில் யாருக்காவது குடலில் பாலிப் (சதை வளர்ச்சி)? இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அக்காவுக்கு எஸ்டிகே11 மரபணுவில் மாற்றம் தெரிந்தால் அந்தச் சோதனை உங்களுக்கும் தேவைப்படும்.