சிங்க் அடைப்பு: சுவரை உடைக்கும் முன் ஒரு வாளியை வையுங்கள்

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் வசிக்கிறோம். சில நாட்களாகச் சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்குகிறது. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியை இரண்டு முறை கொட்டினேன். முதல் முறை சற்று இறங்கியது. இரண்டாம் முறைக்குப் பிறகு அடியோடு நின்றுவிட்டது. காவலாளி அழைத்து வந்த பிளம்பர், "சுவரை உடைத்து லைனையே மாற்ற வேண்டும், ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறார். நானே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள குழாயைக் கழற்றிப் பார்க்காமல், அடைப்பு சுவருக்குள் இருக்கிறது என்று எந்தப் பிளம்பராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் அவர் எதையும் கழற்றியதாக நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் அடைப்பு சிங்க்கிலிருந்து கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும். அதை நீங்களே எடுத்துவிடலாம்.

ஆனால் நீங்கள் பொடி கொட்டியிருப்பதால், முதலில் செய்ய வேண்டியது வேறு. அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா என்னும் காரம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி, கொழுப்பைக் கரைக்கும். தண்ணீர் ஓடாத குழாயில் கொட்டினால் கரையாமல் அடியில் படிந்து கட்டியாக இறுகிவிடுவதும் உண்டு. இரண்டாம் முறைக்குப் பின் உங்கள் சிங்க் முழுவதுமாக நின்றுபோனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே இப்போது தேங்கி நிற்பதைத் தோலையும் கண்ணையும் சுடக்கூடிய காரநீராகவே நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பிளாஸ்டிக் குவளையால் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு, கழிப்பறையில் சிறிது சிறிதாக ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. காஸ்டிக் அதை அரிக்கும். தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவியபடி இருந்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பொடி பலிக்கவில்லை என்று அடுத்ததாக ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் அக்கம்பக்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். காரத்தின் மேல் ஆசிட் பட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். இவற்றை எந்த எச்சரிக்கையும் சொல்லாமல் கடைகளில் சோப்புக்கட்டியைப் போல எடுத்துக் கொடுப்பதை இன்னும் எத்தனை காலம் அனுமதிக்கப்போகிறோம் என்று தெரியவில்லை. காரம் தேங்காத குழாயில் சமையல் சோடாவும் வினிகரும் ஆபத்தில்லாதவை. ஆனால் அந்த நுரைக்கு இறுகிய எண்ணெயை அசைக்கும் வலு இல்லை. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இளகத் தொடங்கும். சோறு வடித்த கஞ்சியைச் சூடாகச் சிங்க்கில் கொட்டும் பழக்கம் இரண்டு வகையில் கெடுதி: சூடு குழாயைத் தளர்த்துகிறது, ஆறிய கஞ்சி பசையாகி எண்ணெயையும் புளிச் சக்கையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இனிக் கழற்றுவோம். கீழே வாளியை வைத்து, சிங்க்கிலிருந்து இறங்கும் வேஸ்ட் பைப்பைப் பாருங்கள். கிண்ணம் போன்ற அடிப்பகுதியுடன் பாட்டில் ட்ராப் இருந்தால், அந்தக் கிண்ணத்தை இடப்புறமாகக் கையால் திருகினால் கழன்று வரும். ரெஞ்சு போட்டால் பிளாஸ்டிக் மரை உடைந்துவிடும். உள்ளே உள்ள ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் மேலாக இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப் என்றால், அந்த மடிப்புகளுக்குள் எண்ணெய் அப்பிப் பழுப்பு நிறத்தில் இறுகியிருக்கும். அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள்; சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கிண்ணத்தைக் கழற்றியிருந்தால் அதை மீண்டும் திருகிவிட்டு ஒரு சோதனை செய்யலாம். பைப்பின் கீழ் முனையைச் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ உருவி வாளிக்குள் விட்டு, சிங்க்கில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வாளியில் தண்ணீர் தாராளமாக விழவில்லை என்றால் அடைப்பு பைப்பிலோ ட்ராப்பிலோதான். சுவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாராளமாக விழுந்தால் அடைப்பு சுவர்க் குழாய்க்குள் இருக்கிறது. அப்போதும் உடைக்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டிரெய்ன் ஸ்பிரிங்கை (அடைப்பு எடுக்கும், வளைந்துகொடுக்கும் நீண்ட கம்பிச் சுருள்) உள்ளே விட்டு, கைப்பிடியை வலப்புறமாகச் சுழற்றியபடி தள்ளுங்கள். வளைவில் முட்டினால் அழுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருந்தால் வளைந்து செல்லும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் குழாயின் வளைவு ஓட்டையாகி, பக்கத்து அறைச் சுவர் ஊறத் தொடங்கும். சுவரை உண்மையிலேயே உடைக்க நேர்வது அப்போதுதான்.

நீங்கள் முதல் தளத்தில் இருப்பதால் ஒரு விதிவிலக்கை விளக்கியாக வேண்டும். மாடிகளின் சமையலறைகள் எல்லாம் ஒரே செங்குத்துக் குழாயில் சேர்ந்து கீழே இறங்குகின்றன. அந்தப் பொதுக் குழாயில் அடைத்தால், மேல் வீட்டுக்காரர்களின் தண்ணீர் அடைப்புக்கு மேலே உள்ள முதல் வீட்டின் வழியாக ஏறி வரும். உங்கள் வீட்டில் யாரும் பாத்திரம் துலக்காத நேரத்தில் சிங்க்கில் தண்ணீர் உயர்கிறதா, அதில் நீங்கள் சமைக்காத பொருளின் துணுக்குகள் மிதக்கின்றனவா என்று ஒரு நாள் கவனியுங்கள். அப்படியானால் செலவு உங்களுடையது அன்று. குடியிருப்போர் சங்கம்தான் ஏற்க வேண்டும். சங்கம் "உங்கள் வீட்டில்தானே தேங்குகிறது" என்றுதான் முதலில் சொல்லும். தண்ணீர் உயரும் நேரத்தைக் காட்டும் காணொளியோடு எழுத்து மூலம் கேளுங்கள். மாடியில் இருப்பவர்கள் பணம் தரத் தயங்குவது அவர்கள் வீட்டுத் தரை நனையாததால்தான். அதற்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். சங்கம் யாரையாவது அழைத்துச் சேம்பருக்குள் (கழிவுநீர்த் தொட்டிக்குள்) இறக்க முயன்றால் தடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வேலைக்கு இயந்திரம் இருக்கிறது.

காவலாளி அழைத்து வரும் பிளம்பரைப் பற்றி: கூலியில் காவலாளிக்கும் ஒரு பங்கு போவது பல குடியிருப்புகளில் நடைமுறை. அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் மதிப்பீடு வரும். ஆகவே வாளிச் சோதனையைப் பிளம்பரின் கண்முன்னே செய்து காட்டிவிட்டு, "ஸ்பிரிங் விட எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள்.

மீண்டும் பொருத்தியதும் மூட்டுகளுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். தாள் நனைந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. எல்லாம் செய்தும் பலனின்றிச் சுவரை உடைத்தே ஆக வேண்டுமென்றால், புதிய வளைவு மூடியுள்ள டோர் பெண்ட்டாக இருக்கட்டும், அந்த மூடி திறக்க வாகாகச் சுவருக்கு வெளியே தெரியட்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டும்போதே இதை வைத்திருக்க வேண்டியவர்கள் வைப்பதில்லை. மாடுலர் கிச்சன் பொருத்துபவர்களோ இருக்கும் மூடியையும் பலகையால் அடைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த இடத்தில் பலகை இருந்தால், கை நுழையும் அளவுக்கு அறுத்துக் கதவு வைக்கச் சொல்லுங்கள்.