பத்து மணி டயல்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய பாக்கெட் வாட்ச் வரவழைத்துத் தரும் ஏஜென்ட் ஒருவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கடிகாரம் என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறார். டயலின் வெளிவட்டத்தில் 12 மணி, உள்வட்டத்தில் 10 மணி. '1794, பாரீஸ், பிரெகே' என்று எழுதியிருக்கிறது. சர்டிபிகேட் தருகிறாராம். பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஒரு நாளைப் பத்து மணியாகவும், மணியை நூறு நிமிடமாகவும் பிரிக்கச் சொல்லி 1793 நவம்பரில் பாரீஸில் சட்டம் போட்டார்கள். நம் கணக்கில் ஒரு புது மணி என்பது சரியாக 6 நாழிகை, அதாவது 144 நிமிடம். 1794 செப்டம்பர் 22 முதல் அது கட்டாயம் என்றார்கள். 1795 ஏப்ரல் 7 அன்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். மீட்டரையும் கிராமையும் கொண்டுவந்த அதே சட்டம்தான் இந்த மணியை மூட்டை கட்டியது. கட்டாயமாக இருந்ததே ஆறரை மாதம். அதற்குள் எத்தனை கடிகாரம் செய்திருக்க முடியும்? இன்றைக்கு இணையத்தில் கிடைப்பதைப் பார்த்தால், பாரீஸ்காரர்கள் வேறு வேலையே பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏஜென்டிடம் ஒரு வீடியோ கேளுங்கள். சாவி போட்டு முள்ளைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நண்பகல் 12க்குப் பத்து மணி முள் 5இல் நிற்க வேண்டும், நள்ளிரவில் 10இல், காலை 6க்கு இரண்டரையில். அதாவது அந்த முள் ஒரு நாளுக்கு ஒரே சுற்றுதான் சுற்றும். சாதாரண மணி முள் இரண்டு சுற்று. இரண்டும் ஒரே வேகத்தில் போனாலோ, பத்து மணிக்கென்று தனி முள்ளே இல்லாவிட்டாலோ, யாரோ டயலில் எண் மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேகம் வேறாக இருக்க டயலுக்கு அடியில் கூடுதல் பல்சக்கரம் தேவை. அதனால் டயலைக் கழற்றி எடுத்த படமும் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் மெஷின் 1793க்கு முந்தையது என்பதற்காகவே போலி என்று முடிவுகட்டக் கூடாது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நல்ல கடிகாரத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? பழையதைப் புதுக் கணக்குக்கு மாற்ற வழி கேட்டு அரசாங்கமே போட்டி வைத்தது. அப்படி அன்றைக்கே மாற்றியது அசல்தான். போன வருஷம் மாற்றியது அசல் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் டயலுக்கு அடியில் இருக்கும் மெஷின் தட்டில் தெரியும்: டயலைப் பிடிக்கும் ஓட்டைகள் பொருந்தாமல் காலியாகக் கிடக்கின்றனவா, பக்கத்தில் புதிதாகத் துளைத்த பளபளப்பு இருக்கிறதா, கூடுதல் சக்கரம் மற்ற சக்கரங்களைப் போலவே தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் புரியாவிட்டால், பழைய மெஷினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். விற்கிறவர் கைகாட்டும் மெக்கானிக் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பிரெகே பெயர். பாரீஸின் பேர்பெற்ற கடிகாரக்காரர் ஆபிரகாம் லூயி பிரெகே 1793இல் ஊரை விட்டுப் போய் 1795இல்தான் திரும்பினார். பத்து மணி கட்டாயமாக இருந்த மாதங்களில் பெரும்பகுதி அவர் ஊரிலேயே இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் போலி ஓடியது. அது தாங்காமல்தான் எளிதில் கண்ணுக்குப் படாத ரகசியக் கையெழுத்தை டயலில் பொறிக்க ஆரம்பித்தார்.

சர்டிபிகேட் என்று ஒன்று நீட்டுகிறாரே, அதில் கையெழுத்துப் போட்டது யார்? விற்கிறவரே என்றால் அது வெறும் காகிதம். ஏல விவரத்தில் 'புரட்சிக் கால பாணியில்' என்று இருப்பதை ஏஜென்ட் 'புரட்சிக் காலத்தது' என்று சொல்லி விற்பார். 'பாணி'க்கு நீங்கள் வழக்குப் போட முடியாது. டயலில் புரட்சி நாள்காட்டியின் 1 முதல் 30 வரை தேதி வளையமும் புரட்சிக்காரர் குல்லாவும் மட்டும் இருப்பதைக்கூடப் பத்து மணிக் கடிகாரம் என்று தள்ளிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் வேலை நேரம் அளந்த, நிமிடத்தை நூறாகப் பிரித்த ஸ்டாப் வாட்சையும் அதே பெயரில் விற்கிறார்கள். அது போன நூற்றாண்டுச் சரக்கு.

வாங்கிய பிறகு ரிப்பேருக்கு வெளிநாடு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனி ஆள் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் விடாது. சிலை கடத்தலைத் தடுக்க வந்த சட்டத்துக்கு உங்கள் பாக்கெட் வாட்சும் ஒன்றுதான். தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கச் சொல்வார்கள். ஆனால் தொல்பொருள் என்று நம்பித்தானே நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள்! ஆகவே உள்ளூரில் யார் பழுது பார்ப்பார் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். வீடியோவும் டயலுக்கு அடியில் எடுத்த படமும் வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.