பழைய ரோடு சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல சீட்டை ஏத்தி இறக்கிப் பாருங்க

கேள்வி: வணக்கம் அண்ணா. காலேஜ் முடிச்சதுக்கப்புறம் சைக்கிளையே தொடல, இப்ப திரும்ப ஓட்டணும்னு ஆசை வந்திருக்கு. வளைஞ்ச ஹேண்டில்பார் வச்ச ரோடு சைக்கிள்தான் வேணும், ஆனா புதுசு வாங்கற அளவுக்கு கையில பணம் இல்ல. ஒருத்தர்கிட்ட 1980கள்ல வந்த ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள் ஒண்ணு இருக்கு. கியர் லிவர் ரெண்டும் ஃப்ரேம் குழாய்லயே இருக்கு, டயர்ல 27 இன்ச்னு போட்டிருக்கு. "ரன்னிங் கண்டிஷன், காத்தடிச்சா ஓட்டிட்டே போகலாம்"ங்கறார். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பழசு வேண்டாம்னு சொல்றாங்க. வாங்கலாமா? போனா எதையெல்லாம் பாக்கணும்?

பதில்: தாராளமா வாங்கலாம் தம்பி. நல்ல ஸ்டீல் ஃப்ரேம் 40 வருஷம் ஆனாலும் அப்படியே உழைக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, நீங்க அங்க வாங்கறது ஃப்ரேமையும், முன் வீலைப் பிடிச்சிருக்கற கவட்டை, அதாவது ஃபோர்க்கையும் மட்டும்தான். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் எப்படியும் மாத்தப் போறோம்னு நினைச்சே விலை பேசுங்க. 'காத்தடிச்சா ஓட்டலாம்'னா பல வருஷமா காத்தில்லாம நின்னுச்சுன்னுதான் அர்த்தம். டயரோட பக்கவாட்டை விரலால அமுக்கிப் பாருங்க, வெடிப்பு வாய் பிளந்துச்சுன்னா அந்த டயர்ல தெரு முனை வரைக்கும் கூட போகாதீங்க.

பெயிண்ட் பளபளப்பை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். போன உடனே சீட்டை ஏத்தி இறக்கிப் பாக்கலாமான்னு கேளுங்க. ஆலன் கீ செட்டும் ஒரு ஸ்பேனரும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க, அவர்கிட்ட இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. ஏன் இதை முதல்ல சொல்றேன்னா, ஸ்டீல் குழாய்க்குள்ள அலுமினிய சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கற கம்பி, பல வருஷம் கிரீஸ் இல்லாம கிடந்தா, மழைத்தண்ணியும் வேர்வையும் உள்ள இறங்கி ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல அரிப்பு வந்துடும். அந்த அரிப்புல வர்ற வெள்ளைப் பொடிக்கு அலுமினியத்தை விட இடம் ஜாஸ்தி வேணும், அதனால அது உப்பி, வெல்டு வச்ச மாதிரி இறுகிப் பிடிச்சுக்கும்.

நான் வாங்கின முதல் பழைய சைக்கிள்ல இதைப் பாக்கல. வீட்டுக்கு வந்து சீட்டை ஒரு 3 சென்டிமீட்டர் ஏத்தலாம்னு போல்ட்டை லூஸ் பண்ணினா போஸ்ட் அசையவே இல்ல. துரு இளக்கற ஆயில் விட்டு விட்டு ரெண்டு வாரம் காத்திருந்தேன். சீட் தாழ்வா இருக்கறப்பவே ஓட்டினதுல முட்டி வலி வேற வந்துடுச்சு. கடைசியில போஸ்ட்டை மேல அறுத்துட்டு, மீதியை உள்பக்கமா ஹேக்ஸா பிளேடை விட்டு கொஞ்சம் கொஞ்சமா நெடுக்க அறுத்தோம். மூணு சாயங்காலம் ஆச்சு, ஃப்ரேம் குழாய்ல பிளேடு பட்டுடுமோன்னு ஒவ்வொரு இழுப்புக்கும் பயம். அதனால சொல்றேன், சீட் போஸ்ட் அசையலன்னா எவ்வளவு கம்மி விலைன்னாலும் நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. ஹேண்டில்பாரைத் தாங்கற ஸ்டெம்மும் இதே மாதிரி மாட்டிக்கும், அதையும் லூஸ் பண்ணி ஏறி இறங்குதான்னு பாருங்க.

அடுத்தது, வண்டி எங்கயாவது நேரா மோதியிருக்கான்னு பாக்கணும். முன்னாடி ஹேண்டில் நிக்கற குழாய்ல இருந்து பெடலுக்கு சாய்வா இறங்குற பெரிய குழாய் இருக்குல்ல, அதோட அடிப்பக்கத்துல, முன் குழாயை ஒட்டின முதல் ரெண்டு மூணு இன்ச்சுல, கண்ணை மூடிட்டு விரலை ஓட்டுங்க. மோதின ஃப்ரேம்ல அங்க ஒரு சின்ன மேடு, துணி சுருங்கின மாதிரி ஒரு அலை இருக்கும், மேல பெயிண்ட் குறுக்க விரிசல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பக்கவாட்டுல நின்னு ஃபோர்க்கையும் பாருங்க, முன் குழாயோட கோடு ஃபோர்க்கோட மேல்பாதியில நேரா தொடரணும், பின்னாடி மடங்கின மாதிரி தெரிஞ்சா வேண்டாம். ஃப்ரேம் கோணலான்னு பாக்க ஒரு நூல் போதும். பின் வீல் மாட்டுற இடத்துல ஒரு முனையைக் கட்டி, முன் குழாயைச் சுத்தி, அடுத்த பக்கத்து வீல் மாட்டுற இடத்துக்குக் கொண்டு வந்து இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவால்ல.

சீட் குழாய்ல சின்னதா ஒரு ஸ்டிக்கர் இருக்கான்னும் பாருங்க. ரெனால்ட்ஸ் 531, கொலம்பஸ், டாங்கேன்னு குழாய் கம்பெனி பேரோ, இல்ல குரோமோலின்னு (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) இருந்தாலோ நல்ல குழாய். 531 எல்லாம் 1935லயே வந்தது, அந்தக் காலத்துல பெரிய பெரிய ரேஸ் எல்லாம் அதுல ஓடியிருக்காங்க. ஸ்டிக்கர் இல்லன்னா மட்டமான சைக்கிள்னு இல்ல, கொஞ்சம் கனமா இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்ப உங்க 27 இன்ச் விஷயத்துக்கு வருவோம். ரோடு சைக்கிள்ல இன்னைக்கு எங்கயும் ஓடுறது 700சி வீல். டயர் உக்கார்ற இடத்துல அதோட விட்டம் 622 மில்லி, 27 இன்ச்சோடது 630 மில்லி. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா இதோட டயர் அதுக்கு ஏறாது. 27 இன்ச் டயர் இன்னும் வருது, ஆனா வெரைட்டி ரொம்பக் கம்மி. பிற்பாடு 700சி வீலுக்கு மாறணும்னா பிரேக் கட்டை இப்ப இருக்கறதை விட 4 மில்லி கீழ இறங்கணும், அதுக்கு பிரேக்ல இடம் இருக்கான்னு இப்பவே பாத்துக்கங்க. ஒரு சின்ன காந்தமும் எடுத்துட்டுப் போங்க. ரிம்ல ஒட்டுச்சுன்னா ஸ்டீல் ரிம், மழையில பிரேக் பிடிச்சா நிக்காம வழுக்கிட்டே போகும், முதல் சைக்கிளுக்கு அது வேண்டவே வேண்டாம். அலுமினிய ரிம்மா இருந்தா வீலைச் சுத்தி விட்டு கோட்டம் இருக்கான்னு பாருங்க. லேசான கோட்டம்னா எடுத்துடலாம். பிரேக் கட்டை உரசுற பரப்பு உள்ள குழிஞ்சு போயிருந்தா ரிம் தேஞ்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

முன் பிரேக்கைப் பிடிச்சுட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க, பெடல் மாட்டியிருக்கற கை, அதாவது கிராங்கைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. கொஞ்சம் ஆட்டம் இருந்தா பயப்பட வேண்டாம், ஓவராயில் பண்ணி புது பால்ஸ், கிரீஸ் போட்டா பெரும்பாலும் சரியாயிடும். செயினுக்கு ஸ்கேல் வச்சுப் பாருங்க, பின் டு பின் 24 கண்ணி சரியா 12 இன்ச் இருக்கணும். ஒன்றரை மில்லி கூடியிருந்தா செயினை மாத்தணும், 3 மில்லி கூடியிருந்தா பல்சக்கரமும் தேஞ்சிருக்கும். கடைசியா வண்டியைத் தலைகீழா திருப்பி, ரெண்டு கிராங்குக்கும் நடுவுல ஃப்ரேமோட அடிப்பக்கத்துல ஃப்ரேம் நம்பர் அடிச்சிருக்கான்னு பாருங்க. அதைச் சுரண்டியிருந்தா திருட்டு வண்டியா இருக்கலாம், பேச்சை அங்கயே நிறுத்திடுங்க.

கேள்வி: என் உயரம் 5 அடி 3 அங்குலம். பாத்த வண்டி பெருசா தெரியுது, விக்கறவர் "சீட்டை இறக்கிக்கலாம் மேடம்"ங்கறார். சரி வருமா?

பதில்: வராதும்மா. சீட்டை இறக்கினா கால் எட்டும், ஆனா ஹேண்டில்பார் தள்ளியேதான் இருக்கும், அது குழாயோட நீளம், இறக்க முடியாது. எட்டிப் பிடிச்சு ஓட்டினா கழுத்தும் தோளும் வலிக்கும், அதைவிட முக்கியமா அவசரத்துக்கு பிரேக் கைக்கு வராது. வெறுங்காலோட சுவத்தை ஒட்டி நின்னு, ஒரு தடிமனான புக்கை கால் நடுவுல சீட் மாதிரி மேல அழுத்தி வச்சு, தரையில இருந்து அதோட மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.67 ஆல பெருக்குங்க, பழைய மாடல் ஃப்ரேம்ல, அதாவது மேல் குழாய் படுக்கையா இருக்கற ஃப்ரேம்ல, சீட் குழாய் ஏறக்குறைய அந்த நீளம் இருக்கணும். 74 சென்டிமீட்டர் வந்தா 49 இல்ல 50 சைஸ். அதே அளவை 0.883 ஆல பெருக்கினா கிராங்க் சுத்தற அச்சோட நடுவுல இருந்து சீட் மேல்பக்கம் வரைக்கும் உள்ள உயரம் வரும், உங்களுக்கு 65 சென்டிமீட்டர் கிட்ட. இது ஆரம்பக் கணக்குதான், ஓட்ட ஓட்ட ஒரு சென்டிமீட்டர் ஏத்துவீங்க இறக்குவீங்க. ஆனா 56 சைஸ் ஃப்ரேமை எந்தக் கணக்கு வச்சும் 50 ஆக்க முடியாது. நல்ல வண்டி கை விட்டுப் போகுதேன்னு வருத்தப்படாதீங்க, உங்க சைஸ்ல வேற வரும்.

கேள்வி: கியர் மாத்த ஹேண்டில்ல இருந்து கையெடுக்கணும்னாலே பயமா இருக்கு. பழசுல வேற வழி இருக்கா, இல்ல எங்க அக்கா சொன்ன மாதிரி எல்லாரும் பழகிடுவாங்களா?

பதில்: பழகிடுவாங்க, ஒரு வாரத்துல காதே சொல்லிடும் செயின் சரியா உக்காந்துச்சா இல்லையான்னு. ஆனாலும் டிராஃபிக்ல ஓட்டறவங்களுக்கு, அதுவும் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு, உங்க பயம் நியாயமானது, அதைத் தள்ளி வச்சுட்டு வாங்க வேண்டாம். சைக்கிள் பார்ட்ஸ் பண்ற ஷிமானோ கம்பெனி 1990ல பிரேக் லிவரும் கியரும் ஒண்ணா சேர்ந்த எஸ்.டி.ஐ. கொண்டு வந்தாங்க, ரெண்டு வருஷத்துல அவங்க போட்டி கம்பெனி கம்பாக்னோலோவும் எர்கோபவர்னு அவங்களோடதைக் கொண்டு வந்தாங்க. அதனால 90களோட நடுவுல இருந்து வந்த வண்டியாத் தேடுங்க, பெரும்பாலும் 700சி வீலும் அதுலயே இருக்கும். லிவரை ரெண்டு பக்கமும் எல்லா கியருக்கும் க்ளிக் க்ளிக்னு தட்டிப் பாருங்க. சில சமயம் உள்ள இருக்கற பழைய கிரீஸ் கெட்டியாகி க்ளிக் விழாது, ஸ்ப்ரே ஆயில் அடிச்சு கழுவினா பல தடவை உயிர் வந்துடும். ஆனா அது வரும்னு நம்பி முழு விலை கொடுக்காதீங்க.

கேள்வி: பழைய கார்பன் ஃப்ரேம் மலிவா வருது. எடுக்கலாமா?

பதில்: முதல் சைக்கிளா வேண்டாம். ஸ்டீல் அடிபட்டா பெரும்பாலும் மடங்கிக் காட்டும். கார்பன்ல மேல ஒண்ணுமே தெரியாம உள்ள விட்டுப் போயிருக்கலாம். பாக்கத் தெரிஞ்ச மெக்கானிக் கூட வந்தா மட்டும் யோசிங்க.

கேள்வி: வாங்கிட்டேன் சார்! எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: ரொம்ப சந்தோஷம். பிரேக்ல இருந்து ஆரம்பிங்க. பிரேக் கட்டை தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும், நாலையும் மாத்துங்க, கேபிளும் அதோட உறையும் சேர்த்து. அப்புறம் டயர், டியூப். செயினையும் அளந்து பாத்துடுங்க. பெடல் கழட்டினா ஞாபகம் வச்சுக்கங்க, இடது பெடலுக்கு எதிர் மரை, தெரியாம பலமா திருகி கிராங்கைக் கெடுத்தவங்க நிறைய பேர். இன்னைக்கே சீட் போஸ்ட்டை வெளிய எடுத்து, எவ்வளவு உள்ள இருந்துச்சோ அங்க டேப் ஒட்டி அடையாளம் வச்சுட்டு, குழாய் உள்பக்கம் துணியால துடைச்சு, நல்லா கிரீஸ் தடவி திரும்ப வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிஞ்ச கையோட, இதை மட்டும் செய்யுங்க.