வாகனம், கேள்வி-பதில்: பழைய கேரவனுக்குப் பாகம் தேடுவது எப்படி?

கேள்வி: 2008ஆம் ஆண்டு டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றிக் கட்டியதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். கூரை ஒழுகுகிறது. தண்ணீர் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வருவதில்லை. காஸிலும் கரண்டிலும் ஓடும் பிரிட்ஜ் குளிர்வதே இல்லை. கட்டிக்கொடுத்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. எந்தக் கடையில் கேட்டாலும் ‘கேரவன் பாகம் இல்லை’ என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்பு வண்டியைச் சரிசெய்து, குடும்பத்துடன் ராமேஸ்வரம் போக வேண்டும்.
— வாசகர், வளசரவாக்கம்

பதில்: கேரவன் பாகம் என்று கேட்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வேறு எதற்கோ செய்யப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவை. எஞ்சின், கிளட்ச், பிரேக் எல்லாம் டிராவலருடையவை. அதே வண்டிதான் ஆம்புலன்ஸாகவும் பள்ளி வேனாகவும் ஊர் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஜன்னல் ரப்பர் பீடிங்கும் கதவு ரோலரும் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் கிடைக்கக்கூடியவை. சுவிட்ச், பியூஸ், ரிலே போன்றவற்றுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. எதைத் தேடிப் போனாலும் பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பீடிங் என்றால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து, அதன் வெட்டுமுகத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ‘டிராவலர் ஜன்னல் ரப்பர்’ என்று வாயால் சொல்லி வாங்கிய பீடிங், பள்ளம் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக இருந்தாலும் முதல் மழையிலேயே தண்ணீரை உள்ளே விட்டுவிடும்.

மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது கூரைதான், ஏனென்றால் பம்பும் பிரிட்ஜும் பழுதானால் பயணம் கெடுவதோடு சரி, கூரை ஒழுகினால் வண்டியே உள்ளிருந்து மக்கிப் போகும். தண்ணீர் சொட்டும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஏ.சி. பொருத்திய இடத்தில் நுழையும் நீர், பிளைவுட்டுக்கும் ஃபைபர் தகட்டுக்கும் நடுவே ஓடி, நான்கடி தள்ளிக் கட்டிலின் மேல் சொட்டலாம். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் கூரையின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பாகப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு மேலே ஏறிவர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். ஓட்டை தெரிந்ததும் சுற்றியுள்ள பிளைவுட்டை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ரொட்டி போல அமுங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடத்தான் வேண்டும்.

குளியலறைக்கு வாங்கும் சாதாரண சிலிக்கானைத் தயவுசெய்து கூரையில் பூச வேண்டாம். என் வண்டியில் ஒரு பட்டறைக்காரர் அதைத்தான் பூசினார். காயும்போது வினிகர் வாசனை வரும் அந்த வகை வெளிவிடும் அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. பிறகு உரித்தாலும் அதன் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே பூசிய வேறு எதுவும் பிடிக்கவில்லை, இரண்டு நாள் சுரண்ட வேண்டியிருந்தது. வண்டிக் கண்ணாடி ஒட்டுபவர்கள் பயன்படுத்தும் பாலியூரித்தேன் சீலன்டைக் கேட்டு வாங்கி, கூரை நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் பூசுங்கள்.

பம்ப் ஓடியும் தண்ணீர் வராததற்கு மோட்டார் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், ஆகவே அதை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் பம்பின் தலையைத் திறங்கள். போர் தண்ணீர் நிரப்பி வந்த வண்டி என்றால் வால்வு ரப்பர்களின் மேல் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டினாலே பல பம்புகள் உயிர் பெற்றுவிடும். ரப்பர் கிழிந்து, புது பம்ப்தான் வேண்டும் என்றால், வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர்களில் இருப்பதும் இதே 12 வோல்ட் டயஃப்ரம் வகைதான் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் அவற்றில் பல கூடுதல் அழுத்தம் தருபவை. பழைய பம்பில் பொறித்துள்ள பி.எஸ்.ஐ. அளவுக்கு மேல் வாங்கினால் குழாய் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். பயன்படுத்திய ஸ்பிரேயர் பம்பை வாங்கவே கூடாது, அதில் ஓடியது பூச்சி மருந்து.

பிரிட்ஜைப் பொறுத்தவரை, அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகை அது. வண்டி சாய்ந்து நின்றாலே சரியாக வேலை செய்யாது என்பதால், சமதளத்தில் நிறுத்தி ஒரு நாள் முழுக்கக் கரண்டில் ஓட்டிப் பாருங்கள். பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்து, அம்மோனியா நெடியும் அடித்தால் அது முடிந்துவிட்டது. அந்தப் பொடி நச்சுள்ளது, கை வைக்க வேண்டாம். அதே இடத்தின் அளவுக்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ் வாங்குவதே நல்லது. பழைய காஸ் இணைப்பை அறிந்தவரைக் கொண்டு முறையாக அடைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய வேனுக்குப் புதுப்பேட்டையில் மலிவாக எஞ்சின் கிடைக்கிறது. வாங்கி மாற்றலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: கதவு, இருக்கை, விளக்கு போன்றவற்றைப் புதுப்பேட்டையில் தைரியமாக வாங்கலாம், அங்கே பொறுமையாகத் தேடுபவருக்குக் கிடைக்காதது குறைவு. எஞ்சின் அப்படியல்ல. அதன் எண் உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, அதில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுங்கள். பில்லும், எஞ்சின் வந்த வண்டியின் ஆவண நகலும் தராத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஒரு பயணம்தான் போகிறோம். டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) தேயவே இல்லை. மாற்ற வேண்டுமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: பட்டனைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் வெயிலில் நிற்கும் வண்டியில் ரப்பர் இறுகி வெடிப்பு விடுகிறது. அத்துடன் கட்டில், தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை எல்லாவற்றின் எடையும் ஆண்டு முழுக்க அதே நான்கு இடங்களில் அழுத்துகிறது. பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்பு தெரிந்தாலும், பத்து வயது ஆகிவிட்டாலும், ஸ்டெப்னி உட்பட மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.